முட்டிக்கு அடியில் ஒரு தலையணை

முட்டி அறுவை சிகிச்சை முடிந்ததும் நான் தங்கை வசந்தாவோடு விமானம் ஏறிக் கோவில்பட்டிக்கே வந்துவிடுவேன் என்று ஊரில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். அதைப் பற்றி அவர்களுக்கு ஒரு சந்தேகமும் எழுந்ததாகத் தெரியவில்லை. வசந்தா வீட்டின் கீழறைக்கு வெள்ளையடித்தாயிற்று. கழிப்பறையில் உட்கார்ந்துகொள்ளும் பீங்கான் வைத்து, எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பியும் பொருத்தியாயிற்று. அண்ணன் மகன் அதைப் படமெடுத்து என் கைபேசிக்கு அனுப்பினான். "அத்தை, ஒங்க ரூம் ரெடி." என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. எங்கள் ஊரைப் பொறுத்தவரை அந்தமான் என்பது ஒருவரை அனுப்பிவைக்கிற இடம். தண்டனையானாலும் உத்தியோகமானாலும் காலம் முடிந்தால் திரும்பிவிட வேண்டும். கல்யாணமான கையோடு கப்பலேறியபோது நானும் அப்படித்தான் எண்ணினேன். என் கணவருக்குப் பொதுப்பணித் துறையில் வேலை. நிக்கோபார் தீவுகளின் தென்கோடியில், கேம்பல் பேயில், இரண்டு வருடம் என்று சொல்லி அழைத்துவந்தார். அந்த இரண்டு வருடம் என் ஆயுளின் பெரும்பகுதியாக நீண்டது. அங்குள்ள பள்ளியில் எனக்கும் வேலை கிடைத்தது. குழந்தைகள் பிறக்கவில்லை. சுனாமி அலை வந்து எங்கள் வீட்டை எடுத்துக்கொண்டது. அரசாங்கம் மேட்டுப் பகுதியில் வேறொரு வீடு கொடுத்தது. அந்த வீட்டில்தான் அவர் இறந்தார். அதே வீட்டில்தான் நான் இருக்கிறேன்.

இந்த வாழ்க்கைக்கு ஒரு விலை இருந்தது. அப்பா இறந்தபோது கப்பல் இல்லை. அம்மா இறந்தபோது கப்பல் இருந்தது, கடல் விடவில்லை. அண்ணன் இறந்தபோது போர்ட் பிளேர்வரை வந்துவிட்டேன். விமானத்துக்குக் காத்திருக்கையில் எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. மூன்று பேருடைய முகத்தையும் நான் கடைசியாகப் பார்க்கவில்லை. வசந்தா மூன்று முகங்களையும் தனியாகப் பார்த்தாள்.

என் முட்டிகள் இரண்டும் பல வருடங்களாகத் தேய்ந்துவந்தன. மேட்டிலிருந்து கடைத்தெருவுக்கு இறங்கும் சரிவில் ஒரு நாள் நடுவழியில் நின்றுவிட்டேன். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. மருத்துவம் என்று வந்தால் தீவுக்காரர்கள் மெயின்லேண்டுக்குப் போவதுதான் வழக்கம். நான் போனால் திரும்பிவர விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். போர்ட் பிளேருக்குச் சென்னையிலிருந்து ஒரு எலும்பு மருத்துவர் அவ்வப்போது வந்து அறுவை செய்துவிட்டுப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். பாதி வழியில் இருக்கும் ஊர். பாதி வழியில் சமாதானம் செய்துகொண்டேன். வலது முட்டியை இப்போது மாற்றுவது, இடதைப் பிறகு பார்ப்பது என்று முடிவாயிற்று.

ஹெலிகாப்டரில் எனக்கு இடம் கிடைத்த அன்று மேகம் தரைவரை இறங்கியது. ஆகவே கப்பல். துறைக்கு என்னை அழைத்துவந்தது அடுத்த வீட்டு குர்மீத் கௌர். அவருடைய மாமனார் படையிலிருந்து ஓய்வு பெற்று, இங்கே அரசு கொடுத்த நிலத்தில் குடியேறிய பஞ்சாபிகளில் ஒருவர். குர்மீத்துக்கும் கணவர் இல்லை. நாங்கள் பேசிக்கொள்வது தீவு இந்தியில். அவர் இலக்கணத்தை நானும், என் இலக்கணத்தை அவரும் மன்னித்துவிடுவோம். முள்ளங்கி திணித்த பராட்டாக்களை ஒரு டப்பாவில் கொடுத்தார்.

"கோழிகளை நான் பார்த்துக்கறேன், பெஹன்ஜி. திரும்பி வரும்போது நீங்க ஓடி வரணும்."

"ஓடத் தெரிஞ்சிருந்தா இந்த ஊர்லயா இருந்திருப்பேன்?" என்றேன். இருவரும் சிரித்தோம்.

கப்பலின் ஏணிப்படி செங்குத்தாக இருந்தது. ஒரு மாலுமி மேலிருந்து கையைப் பிடித்து இழுக்க, இன்னொருவர் பின்னாலிருந்து தள்ளினார். "ஆன்ட்டி, கீழே பார்க்காதீங்க" என்று தெலுங்கு வாடையடிக்கும் இந்தியில் மேலிருந்தவர் சொன்னார். கீழே பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. என் மரியாதையைக் கரையில் விட்டுவிட்டுத்தான் ஏறினேன். அது அங்கே நிற்பதைப் பார்க்க விருப்பமில்லை.

கப்பல் சாப்பாட்டைப் பற்றி எழுத அதிகம் இல்லை. கொட்டை அரிசிச் சோறு, தண்ணீர்ப் பருப்பு, முட்டைக் குழம்பு. முட்டை மட்டும் யோக்கியமாக இருந்தது. குர்மீத்தின் பராட்டா ஒரு நாள் முழுக்கத் தாங்கியது. கீழ்ப் படுக்கையை எனக்கு விட்டுக்கொடுத்த நிக்கோபாரிப் பெண்மணி வழியிலுள்ள கமோர்ட்டா தீவில் இறங்க வேண்டியவர். மடியில் கூடை, கூடைக்குள் ஒரு பன்றிக்குட்டி. என் காலை நெடுநேரம் பார்த்துவிட்டு விசாரித்தார்.

"வெட்டி எடுத்துருவாங்களா?"

"தேய்ஞ்ச இடத்தை மட்டும். அங்கே உலோகம் வெச்சுருவாங்க."

"இந்தக் கடல் காத்துக்குத் துருப் பிடிக்காதா?"

என்னைச் சுற்றி இருந்த கப்பல் முழுக்கத் துருப்பிடித்திருந்தது. கைப்பிடிக் கம்பி, கதவுக் கீல், தீயணைப்பு வாளி எல்லாம். எங்கள் தீவில் பூட்டு ஒரு மழைக்காலம் தாங்கினால் பெரிய விஷயம். படித்தவர்கள் யாரும் என்னிடம் கேட்காத நியாயமான கேள்வி அது. பதில் தெரியாமல் போர்ட் பிளேர்வரை அதை என்னோடு கொண்டுபோனேன்.

அங்கே டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்திருந்தேன். மறுநாள் வசந்தா வந்தாள். கடல் தாண்டுவது அவளுக்கு முதல் தடவை. விமான நிலையத்து வாசலில் என்னைப் பார்த்ததும் பெட்டியைப் போட்டுவிட்டுக் கட்டிக்கொண்டாள்.

"யக்கா, என்ன இப்படிக் கறுத்துப் போயிட்டே! ஏ, காலைப் பாரு, வில்லு மாதிரி வளைஞ்சு கெடக்கு. இதை வச்சுக்கிட்டா கப்பல்ல வந்தே?"

பெட்டியில் கடலைமிட்டாய், காராச்சேவு, கருப்பட்டி, அரைத்த மசாலா, ஒரு பை நிறைய அரிசி.

"அரிசி எதுக்குடி? இங்கே கடையே இல்லைன்னு நினைச்சியா?"

"செயிலு இருக்கற ஊருல என்ன கெடைக்குமோ, யாரு கண்டா?"

போர்ட் பிளேர் என்ற பெயரை இப்போது அரசாங்கம் மாற்றிவிட்டது. ஆட்டோக்காரர்கள் மாற்றவில்லை. வசந்தாவுக்கு இரண்டு பெயரும் ஒன்றுதான். கடைசிவரை 'ஒங்க ஊரு' என்றாள். இந்த ஊரும் எனக்கு வெளியூர்தான் என்பதை அவளுக்கு விளங்கவைக்க முடியவில்லை. கோவில்பட்டிக்குப் போனால் நான் அந்தமான் அத்தை. கேம்பல் பேயில் மதராஸி டீச்சர். போர்ட் பிளேரில் நிக்கோபாரிலிருந்து வந்த நோயாளி. எங்கும் என்னை இன்னோர் இடத்தின் பெயரால்தான் அழைத்தார்கள்.

அறுவைக்கு முதல் நாள் டாக்டரிடம் துருவைப் பற்றிக் கேட்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அம்மா, உங்க தீவைவிட அதிக நாள் இருக்கும்" என்றார். எங்கள் கரையோரம் கடலுக்குள் இறங்கிப்போனதை அவர் அறிந்து சொன்னாரா என்று தெரியவில்லை. நானும் சிரித்தேன். மயக்கமருந்து கொடுக்கப்போகிறவர்களிடம் கோபித்துக்கொள்வது புத்திசாலித்தனமில்லை.

முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே நான் இல்லாமல் போனேன். முகத்துக்கு முன் பச்சைத் துணி. அதற்கப்பால் தச்சுப் பட்டறைச் சத்தம்: அறுப்பது, துளையிடுவது, சுத்தியலால் அடிப்பது. அடி விழும்போதெல்லாம் என் பற்கள் அதிர்ந்தன, வலி மட்டும் இல்லை. இடையிடையே பேச்சு கேட்டது. ஊருக்குக் கொண்டுபோக நல்ல வஞ்சிரம் எங்கே கிடைக்கும் என்று டாக்டர் விசாரித்தார். சந்தையைவிடத் துறையில் வாங்குங்கள், ஐஸ் வைத்துக் கட்டித் தருவார்கள் என்றார் ஒரு தாதி. என் எலும்புக்கும் அந்த மீனுக்கும் ஒரே மேசையில் ஏற்பாடு நடந்தது. அவர் கைதேர்ந்தவர். வேலையைச் சுத்தமாக முடித்துவிட்டு, மீனோடு விமானம் ஏறினார்.

அதன் பிறகு என் முட்டி இருவர் பொறுப்பில் விடப்பட்டது. ஒருத்தி வசந்தா. இன்னொருத்தி பிசியோதெரபிஸ்ட் மௌமிதா. வட அந்தமானில், திக்லிபூரில் குடியேறிய வங்காளிக் குடும்பத்துப் பெண். மெலிந்த உடம்பு, இரும்பு விரல்கள். மறுநாளே என்னை வாக்கரைப் பிடித்து நிற்கவைத்தாள். பிறகு படுக்கவைத்து, ஒரு துண்டைக் கெட்டியாகச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்தாள். குதிகால் உயர்ந்தது, முட்டி அந்தரத்தில் தொங்கியது, தன் பாரத்தாலேயே அது கீழே இறங்கி நிமிர வேண்டும். பழுக்கக் காய்ச்சிய கம்பியை முட்டிக்குப் பின்னால் மெல்ல நுழைப்பதைப் போன்ற வலி.

"முட்டிக்கு அடியில மட்டும் எதுவும் வைக்கக் கூடாது, ஆன்ட்டி. சுகமா இருக்கும். ஆனா மடங்கினபடியே இறுகிப் போயிடும். அப்புறம் நிமிராது."

அவள் இந்தியில் சொன்னதை நான் வசந்தாவுக்குத் தமிழில் சொன்னேன். வசந்தா தலையாட்டினாள். மௌமிதா வாசலைத் தாண்டியதும் துண்டை உருவி எடுத்து, மெத்தென்று மடித்து, என் முட்டிக்கு அடியில் வைத்தாள்.

வலி போய்விட்டது. அந்த நிம்மதியை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை.

"இப்பச் சொல்லு, எது வைத்தியம்?" என்றாள்.

டெய்ரி ஃபார்ம் வீட்டுக்கு வந்த பிறகு இது அன்றாட வழக்கமாயிற்று. காலையில் மௌமிதா தன் ஸ்கூட்டியில் வருவாள். துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைப்பாள். முட்டியை மடக்கி நிமிர்த்துவாள். என்னைப் படியில் ஏற்றி இறக்குவாள். "ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது வலிக்கிற கால் முதல்ல." அவள் போனதும் வசந்தா எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடுவாள். ஒரு நாள் வீட்டுக்கார அம்மாளோடு அபர்டீன் பஜாருக்குப் போய், மெத்துமெத்தென்ற ஒரு பஞ்சுத் தலையணை வாங்கிவந்தாள். போகும் வழியில் ஆட்டோ மேட்டில் ஏறாமல் நின்றுவிட, இருவரும் இறங்கித் தள்ளியிருக்கிறார்கள். வீட்டுக்கார அம்மாள் அடுத்த கடையில் நிற்க, இந்தி ஒரு சொல்லும் தெரியாமல் வசந்தா சைகையாலேயே பேரம் பேசி முடித்த பிறகுதான் கடைக்காரர் எங்கள் பக்கத்துச் சங்கரன்கோவில்காரர் என்று தெரிந்ததாம்.

"நான் கையைக் காலை ஆட்டிக்கிட்டு நிக்கேன், அந்த ஆளு சிரிச்சுக்கிட்டே நின்னிருக்கான். மூதி, முதல்லயே சொல்லக் கூடாதா?"

தலையணைக்குப் பூப்போட்ட உறை. அதை என் முட்டிக்கு அடியில் வைத்து, ஓரங்களைத் தட்டி ஒழுங்குபடுத்தி, சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள்.

ஆட்டுக்கால் சூப்பும் வந்தது. இந்த ஊரில் ஆட்டுக்கறி எளிதில் அகப்படாது, எப்படியோ பிடித்துவிட்டாள்.

"உள்ளே இருக்கறது உலோகம்டி. அதுக்கு எதுக்கு ஆட்டுக்கால்?"

"உலோகத்தைச் சுத்தி நீ இருக்கேல்ல? குடி."

குடித்தேன். அவள் என் தலையைப் பின்னிவிட்டாள். நான் எழுந்திருக்கும் முன்னே தண்ணீர் வந்தது. நான் கேட்கும் முன்னே கண்ணாடியும் புத்தகமும் வந்தன. "இரு இரு, நான் எடுத்துத் தாரேன்" என்பதுதான் அந்த வீட்டில் அதிகம் ஒலித்த வாக்கியம். அவள் குழந்தையாக இருந்தபோது அவளை இடுப்பில் வைத்துத் திரிந்தவள் நான். என்னை யாரும் அப்படி வைத்துக்கொண்டதில்லை. பிற்பகலில் அவள் என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அண்ணனின் கடைசி நாட்களைச் சொல்லுவாள். அவர் என்ன சாப்பிடக் கேட்டார், யாரைக் கேட்டார் என்று. என்னைக் கேட்டாரா என்பதை அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டு பெண்களுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளராக நான் படுத்திருந்தேன். மௌமிதா கடிந்து சொன்னதை நான் வசந்தாவுக்கு வேண்டுகோளாக மாற்றிச் சொன்னேன். வசந்தா "இவளுக்கு ஈவு இரக்கமே கெடையாதா?" என்றதை "தங்கை கொஞ்சம் பயப்படுகிறாள்" என்று இந்தியில் சொன்னேன். இரு நாடுகளுக்கு இடையே சமாதானம் பேசுகிறவர்களின் வேலை எவ்வளவு அசட்டுத்தனமானது என்று அப்போது புரிந்தது. சண்டை என் காலின்மீது நடந்துகொண்டிருந்தது.

தையல் பிரித்த சில நாட்களுக்குப் பின் ஒரு காலையில் மழை கொட்டியது. மௌமிதா வழக்கமான நேரத்துக்கு முன்பே நனைந்துகொண்டு வந்துவிட்டாள். தலையணை முட்டிக்கு அடியில் இருந்தது. அதை எடுத்து நாற்காலியில் போட்டாள். ஒரு கையைத் தொடைமேல் வைத்து, மறுகையால் முட்டியைக் கீழ்நோக்கி அழுத்தினாள். கத்திவிட்டேன். பள்ளிக்கூடத்தில் முப்பது பிள்ளைகள் கூச்சலிட்டாலும் குரலை உயர்த்தாத என் வாயிலிருந்து அப்படி ஓர் ஓலம் வருமென்று நான் அறிந்ததில்லை. சமையலறையிலிருந்து வசந்தா கரண்டியோடு ஓடிவந்து, மௌமிதாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"விடுளா கையை! மனுசக் காலா, மரக்கட்டையா?"

மௌமிதா கையை எடுக்கவில்லை. என்னை நேராகப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இன்னிக்கு நான் சொல்றதை அப்படியே சொல்லுங்க. பாதியைக் குறைச்சுச் சொல்லாதீங்க."

அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் வாக்கியங்களின் நீளம் தெரிந்திருக்கிறது.

"இந்தக் கால் இப்பவே முழுசா நிமிரலை. இன்னும் கொஞ்ச நாள் போனா, நான் மட்டும் இல்லை, யாராலயும் நிமிர்த்த முடியாது. காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பீங்க. இடுப்பும் போகும். அந்த மேட்டு வீட்ல தனியா இருக்க முடியாது. உங்க தங்கச்சிக்கு அது வேணுமான்னு கேளுங்க."

ஒரு சொல் குறைக்காமல் தமிழில் சொன்னேன். மழைச் சத்தத்துக்கு மேலே சற்று உரக்கவே சொல்ல வேண்டியிருந்தது.

வசந்தா கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சிரித்தாள்.

"தனியா இருக்க யாரு சொன்னா? நிமுந்துட்டா என்ன செய்வே, யக்கா? கப்பல்ல ஏறிப் போயிருவே."

சொல்லிவிட்டு அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே போனாள். எதுவும் தீயவில்லை.

"என்ன சொன்னாங்க?" என்று மௌமிதா கேட்டாள்.

"உன் வேலையைச் செய்யச் சொன்னாள்" என்றேன். அவள் செய்தாள். நான் மறுபடியும் கத்தினேன். இந்த முறை சமையலறையிலிருந்து யாரும் வரவில்லை.

அந்தச் சிரிப்பில் விளையாட்டு இருந்தது என்று எழுத எனக்கு ஆசை. இருந்திருக்கலாம். அவள் அறிந்தேதான் அந்தத் தலையணையை வைத்தாளா என்று நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சத்தியம் செய்திருப்பாள். அந்தச் சத்தியம் பொய்யாகவும் இருந்திருக்காது. என் வலியைப் பார்க்கச் சகியாமல் வைத்தாள். நான் நடப்பதைப் பார்க்கச் சகியாமலும் வைத்தாள். இரண்டுக்கும் ஒரே கைதான், ஒரே தலையணைதான். அன்பு ஒருவரை எழுந்து நிற்கவைக்கும் என்று பல நூல்களில் படித்திருக்கிறேன். படுக்கவைத்தே வைத்துக்கொள்ள விரும்பும் அன்பைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அன்று முதல் தலையணையை வசந்தா தன் தலைக்கே வைத்துக்கொண்டாள். துண்டுருளையை நான் என் கையாலேயே குதிகாலுக்கு அடியில் தள்ளினேன். எங்கள் பேச்சு உப்பு, காரம், மருந்து வேளை என்று சுருங்கிற்று. டாக்டர் மறுபடி வந்து எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். உள்ளே எல்லாம் கச்சிதமாக இருக்கிறது என்றார். முட்டியின் பின்புறத்தில் விரலை வைத்து, "இங்கே கொஞ்சம் இறுகிப் பிடிச்சிருக்கு, முயற்சி பண்ணுங்க" என்றார். அடுத்தபடியாக இடது முட்டியைப் பற்றிப் பேச்செடுத்தார். பிறகு பார்க்கலாம் என்றேன்.

ஊருக்குப் புறப்பட வேண்டிய நாள் நெருங்கியது. இருவருக்கும் விமானத்தில் இடம் போட்டு வைத்திருந்தான் அண்ணன் மகன். வசந்தா என் சேலைகளை மடித்துத் தன் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் வரவில்லை என்று சொன்னேன்.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "இந்தக் காலை வச்சுக்கிட்டா?"

"இந்தக் காலை வெச்சுக்கிட்டுத்தான்."

"அங்கன யாரு இருக்கா ஒனக்கு?"

"குர்மீத் இருக்கா. கோழி இருக்கு."

"கோழி!" சேலையைக் கட்டிலில் எறிந்தாள். "அப்பாவுக்கு வரலை, கப்பல் இல்லைன்னே. அம்மாவுக்கு வரலை, கடலுன்னே. அண்ணனுக்கு... சரி, விடு. எனக்கும் வர மாட்டே. அதுக்கு ஒரு காரணம் இப்பவே யோசிச்சு வச்சிருப்பே."

அவள் சொன்னதில் ஒரு சொல்லும் தவறில்லை. அந்தக் கீழறைக் கழிப்பறையில் பொருத்திய கம்பியை என் மனம் பிடித்துப் பார்த்தது. வழுவழுப்பான, உறுதியான கம்பி. அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் கூடத்துக்குப் போகலாம். கூடத்திலிருந்து திரும்பி அறைக்கு வரலாம். வருகிறவர்களுக்கு என் சார்பில் வசந்தா பதில் சொல்லுவாள்: அக்காவுக்கு இது பிடிக்காது, அக்காவுக்கு அது ஆகாது. அன்பான சிறையிலும் நேரத்துக்குச் சாப்பாடு போடுவார்கள்.

போகும் நாளன்று வாசலில் ஆட்டோ வந்து நின்றது. வசந்தா என் சேலைகளை மறுபடி வெளியே எடுத்து அடுக்கி வைத்திருந்தாள். கடலைமிட்டாயில் மிச்சமிருந்ததைச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, "அந்தப் பஞ்சாபிக்காரிக்குக் குடு" என்றாள். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். வாசல்வரை போனவள் திரும்பிவந்தாள். கட்டிலருகே குனிந்து, துண்டை எடுத்து, மௌமிதா செய்வதைப் போலவே கெட்டியாகச் சுருட்டினாள். என் காலைத் தூக்கிக் குதிகாலுக்கு அடியில் அதைச் சரியான இடத்தில் வைத்தாள். அத்தனை நாளும் பார்த்துத்தான் இருந்திருக்கிறாள். எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் மடிப்பு என்பதெல்லாம் தெரிந்திருந்தது. முட்டி அந்தரத்தில் தொங்கியது. வலித்தது. என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள்.

அதற்குப் பிறகும் நெடுநாள் டெய்ரி ஃபார்மில் தங்கினேன். மௌமிதா வந்தாள், அழுத்தினாள், நான் கத்தினேன். கத்துவது பழகிவிட்டது, வீட்டுக்கார அம்மாள் அந்தச் சத்தத்தைக் கேட்டு நேரம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கால் கொஞ்சம் நிமிர்ந்தது. முழுவதும் நிமிரவில்லை. படுத்தால் முட்டிக்கும் கட்டிலுக்கும் இடையில் ஒரு கை நுழைகிற அளவு இடைவெளி இருக்கிறது. ஒரு தலையணை போட்ட தடம் என்று அதை வைத்துக்கொள்ளலாம். கடைசி நாளில் மௌமிதா அந்த இடைவெளியில் தன் உள்ளங்கையை நுழைத்துப் பார்த்தாள்.

"இவ்வளவுதான், ஆன்ட்டி. கைத்தடி வேணும். ஆனா போகலாம்."

கப்பலின் ஏணிப்படி அதே செங்குத்தில் இருந்தது. வந்தபோது தள்ளிய மாலுமிகளோ வேறு யாரோ, இரண்டு பேர் கையை நீட்டினார்கள். வேண்டாம் என்றேன். நல்ல கால் முதலில்; பிறகு உலோகக் கால்; பிறகு தடி. எனக்குப் பின்னால் வரிசை நின்றது. "சீக்கிரம் போங்கம்மா, கப்பல் போயிடும்" என்று ஒருவர் இந்தியில் முணுமுணுக்க, "ஏறிக்கிட்டிருக்கறதே கப்பல்லதானே, எங்கே போயிடும்?" என்று இன்னொருவர் அதட்டினார். மேலே போய்ச் சேர்ந்தபோது மூச்சிரைத்தது. இந்தமுறை மரியாதையும் என்னோடு ஏறியிருந்தது, நொண்டிக்கொண்டு.

கேம்பல் பே துறையில் குர்மீத் நின்றிருந்தார். நான் இறங்குவதை முழுவதும் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"ஓடி வரச் சொன்னேனே."

"இதுதான் ஓட்டம்."

கடலைமிட்டாயைக் கொடுத்தேன். ஒரு துண்டை வாயில் போட்டு, பல்லுக்குக் கெட்டி என்றார். அடுத்த துண்டையும் போட்டுக்கொண்டார். ஒரு கோழி இறந்துவிட்டதைச் சரிவின் பாதியில்தான் சொன்னார். அந்த இடத்தில் நான் எப்படியும் நிற்பேன் என்று அவருக்குத் தெரியும்.

இடது முட்டியை நான் மாற்றிக்கொள்ளவில்லை. அதற்குத் துணையாக யாரைக் கூப்பிடுவது என்ற கேள்விக்கு விடை கிடைக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். கோவில்பட்டியின் கீழறையை அண்ணன் மகன் வாடகைக்கு விடச் சொன்னானாம். வசந்தா சம்மதிக்கவில்லை. அவளே இப்போது அங்கேதான் படுத்துக்கொள்கிறாள். மாடிப்படி ஏறினால் அவளுக்கும் முட்டி வலிக்கிறதாம். மாலையில் போன் செய்வாள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"காலு நிமுந்துட்டா?"

"இல்லை."

பிறகு அங்கே மழை உண்டா என்று கேட்பாள்.

அப்பா இல்லை, அம்மா இல்லை, அண்ணன் இல்லை. எங்கள் வீட்டில் பிறந்தவர்களில் மிச்சம் நாங்கள் இருவர். அவள் கோவில்பட்டியில் இருக்கிறாள். நான் கேம்பல் பேயில் இருக்கிறேன்.